வெள்ளிக்கிழமைதோறும் கிளப்பிய வண்டி

"இது படிச்சு முடிச்சவங்க வண்டி, மேடம். படிச்சிட்டிருக்கிறவங்க வண்டி இல்ல."

நாண்டியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்தபடி இதைச் சொன்னார். இந்தியில்தான் சொன்னார்; எங்கள் தீவின் சபேட்டோப் பக்கத்தில் எல்லாரும் பேசுவது அதுதான். தமிழ் வீட்டுக்குள் மட்டும், அதிலும் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில்தான் அதிகம். அப்பாவுக்கு அவர் சொன்னது புரிந்தது. சிரித்துவிட்டார். மெக்கானிக் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தலைநகர் சுவாவில் ஒரு தொழிற்கல்லூரியில் மோட்டார் படிப்பு, இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கலகக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் ஆட்களைப் பிணையாகப் பிடித்து வைத்து, வெளியே இந்தியர் கடைகளைக் கொளுத்திய வாரத்தில் கல்லூரியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு புத்தகம், நீல ஓவரால், ஆசிரியர் இரவல் கொடுத்த பிரஷர் கேஜ் ஒன்று. இவற்றோடு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சர்க்கரை ஆலைக் காகிதமோ குத்தகைக் காகிதமோ, அப்பா கட்டைவிரல் வைக்கும் முன் நான் படித்துச் சொல்வேன். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அது என் வேலை, என் பெருமையும் கூட. அதனால் அந்த வருடக் கரும்பு வெட்டோடு எங்கள் குத்தகை முடிகிறது, நிலத்தை அதன் சொந்தக்காரப் பூர்வகுடிக் கிராமம் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்ற கடிதத்தையும் நான்தான் படித்தேன். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை நான் இன்னும் நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். அதுதான் அவருக்குச் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி சித்தப்பாவுடையது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்தவர் அவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து அதை வாங்கினார். ஐரோப்பிய வண்டி, வெளிர் பச்சை, பின்னால் பொடி எழுத்தில் 'இன்ஜெக்‌ஷன்' என்று ஒரு பட்டை. பள்ளத்தாக்கில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சித்தியின் அண்ணன் கூப்பிட்டு அவர்கள் குடும்பத்தோடு கனடா போனார்கள். போகிற அன்று எங்கள் முற்றத்தில் வைத்து சாவியை அப்பாவிடம் கொடுத்தார்.

"அண்ணா, வாரம் ஒரு தரம் கிளப்பி மட்டும் வை. ரெண்டு வருஷம். நிலைமை சரியானதும் வந்துடறேன்."

பதின்மூன்று வருடம் அப்பா கிளப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, தகரக் கொட்டகையின் கதவைத் திறப்பார். வண்டியைத் துடைப்பார். முன் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைப்பார். பானெட்டுக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் கற்பூரம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைத்துவிடுவார். கியரைத் தொட்டதே இல்லை. லாரியும் டிராக்டரும் ஓட்டுகிற மனிதர். இருந்தும், "தம்பி வண்டி, தம்பி வந்து ஓட்டட்டும்" என்பார். வண்டி நகராததால் எலுமிச்சம்பழம் ஒருநாளும் நசுங்கியதில்லை. மறுநாள் அம்மா அதை எடுத்து ஊறுகாய் போட்டுவிடுவாள்.

நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் வெள்ளி, வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றியது, ஒருமுறை இருமியது, அவ்வளவுதான். அடுத்த வெள்ளி இருமல்கூட இல்லை.

வேறு வருடமாக இருந்தால் பொறுத்திருக்கலாம். இப்போது கரும்பு வெட்டு முடிந்ததும் நாங்கள் காலி செய்ய வேண்டும். நௌசோரிப் பக்கம் வுனிமோனோவில் அத்தை வீட்டுக்கு, தீவின் மறுகோடிக்குப் போவதாக முடிவாகியிருந்தது. சாமான்கள் லாரியில். வண்டியைத் தானே ஓட்டி வருவதாக அப்பா சொல்லிவிட்டார். லாரி மேல் ஏற்றலாமே என்று அம்மா கேட்டதற்கு, "பொணத்தையா ஏத்தறோம்?" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நிலம் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினார். தன் காலால் இந்த இடத்தைவிட்டுப் போக வேண்டியது அது ஒன்றுதான் என்பதுபோல.

மெக்கானிக் அன்று வேறொன்றும் சொன்னார். இதே வண்டி கார்புரேட்டரோடும் வந்திருக்கிறது, அதைப் பொருத்தும் மேனிஃபோல்டு குழாய் தன் பட்டறையில் கிடக்கிறது, இந்த இன்ஜெக்‌ஷன் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினால் ஒரு வாரத்தில் வண்டி ரோட்டில் நிற்கும் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். காகிதம் என்றாலும் இயந்திரம் என்றாலும் முடிவு சொல்வது நான்தானே. தேவையில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

"சரி மேடம்," என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "பாஸ் ஆனதும் சொல்லி அனுப்புங்க."

சாதாரண வண்டியில் இன்ஜின் தனக்கு வேண்டிய பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதில் அப்படியில்லை. பின்னால் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரப் பம்ப் பெட்ரோலை மிகுந்த அழுத்தத்தில் தள்ளும். அது ஃபில்டர் வழியாக முன்னால் வந்து, கைப்பிடி அளவு இரும்புக் கட்டி ஒன்றுக்குள் போகும். எங்கள் ஆசிரியர் அதைத் 'தலை' என்பார். தலைக்குள் பென்சிலைவிட மெல்லிய ஒரு தண்டு ஏறி இறங்கி, நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கிட்டு நான்கு இன்ஜெக்டருக்கு அனுப்பும். வழியில் எங்கே அடைத்தாலும் இன்ஜின் இருமும், அல்லது செத்துப்போகும். எங்கே அடைத்தது என்று பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயம். கல்லூரியில் அப்படி ஒரு வண்டி இல்லை. நான் படத்தைத்தான் படித்திருந்தேன்.

பின் சீட்டுக்கு அடியில் காதை வைத்து அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். பம்ப் சத்தமே இல்லை. பம்புக்கு மின்சாரம் விடுகிற ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு கம்பியைச் செருகி நேராக மின்சாரம் கொடுத்தேன். பம்ப் ஒரு முனகு முனகி நின்றது. டேங்க்கின் அடி மூடியைத் திறந்தேன். வந்தது பெட்ரோல் இல்லை, தேயிலைச் சாயம் போன்ற ஒன்று. சட்டியில் பிடித்து வைத்தபோது அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அதற்கும் கீழே செம்மண் போலத் துரு.

டேங்க்கைக் கழற்றிச் சங்கிலித் துண்டுகளைப் போட்டு நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கினோம். அரிசி புடைப்பதைவிடக் கஷ்டம் என்றாள் அம்மா. எத்தனை தடவை கழுவியும் நீர் சிவப்பாகவே வந்தது. பம்புக்காக லவுடோகாவில் உடைந்த வண்டிகள் கிடக்கும் ஒரு கிடங்கில் இரண்டு நாள் தேடினேன். அந்த வருடம் கிடங்கு நிரம்பி வழிந்தது. போகிறவர்கள் விற்க முடியாததை அங்கே கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். சில வண்டிகளின் பின் சீட்டில் குழந்தைகளின் ஒட்டுப்படங்கள் அப்படியே இருந்தன. வேறொரு ஐரோப்பிய வண்டியிலிருந்து பம்ப் கிடைத்தது. ஃபில்டர் சுவாவிலிருந்து பஸ்ஸில் வந்தது.

புதுப் பம்ப் ஓடியது. கேஜை மாட்டினேன். அழுத்தம் புத்தகத்தில் சொன்ன இடத்தில் வந்து நின்றது. வாழ்க்கையில் படித்தது ஒன்று கண் எதிரே முள்ளாக அசைந்து சரியான எண்ணில் நின்ற அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். இரண்டு சிலிண்டர் மட்டும் வெடித்தது. வண்டி நொண்டிக் குதிரை மாதிரி உதறிவிட்டு அடங்கியது.

அந்த வாரம்தான் கடைப் போனிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். வண்டியோடு வந்த கையேட்டை எங்கேயாவது வைத்திருக்கிறாரா என்று கேட்பதற்கு. சித்தி, பிள்ளைகள், பனி எல்லாம் விசாரித்த பிறகு வண்டி என்றேன்.

"எந்த வண்டி? அது இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார், அன்பாகத்தான். அண்ணனுக்கு வேற வேலை இல்லை, இரும்புக்குப் போடச் சொல் என்றார். ஊருக்கு வருவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், கையேடு அவரிடம் இல்லையாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். எப்போது வருவானாம் என்று கேட்டார். லைன் சரியில்லை என்றேன்.

மறுநாள் வெள்ளி. நான் விடிந்ததிலிருந்து கொட்டகையில் இருந்தேன். நான்கு இன்ஜெக்டரையும் இன்ஜினிலிருந்து பிடுங்கி, குழாய் மாட்டியபடியே ஒன்றுக்கொரு காலி சோடா பாட்டிலுக்குள் இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தேன். அப்பா குளித்துவிட்டு வாழையிலையும் கற்பூரமுமாக வந்தார். கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாடை. நான் கையை நீட்டித் தடுத்து, பற்றிக்கொள்ளும், கேட்டுக்கு வெளியே போய் ஏற்றுங்கள் என்றேன். அவர் கேட்டுக்குப் போகவில்லை. கற்பூரத்தை மடியில் கட்டிக்கொண்டு பாட்டில்களுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

பம்பை ஓடவிட்டு, இன்ஜின் காற்றை இழுக்கும்போது உயர்ந்து தலையின் தண்டைத் தள்ளுகிற காற்றுத் தகட்டை விரலால் தூக்கினேன். முதல் பாட்டிலில் பெட்ரோல் கூம்பாக, பனிமூட்டம் போல் இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் சொட்டுச் சொட்டாக. நான்காவது காய்ந்து கிடந்தது. இன்ஜெக்டர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். அதே மூன்றாவது, அதே நான்காவது. அப்படியென்றால் கோளாறு இன்ஜெக்டரில் இல்லை, தலையில். துரு அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அப்பா மெதுவாகக் கேட்டார்:

"எதனால பாப்பா கெட்டுச்சு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் தரையில் கரியால் படம் போட்டேன். டேங்க்கில் பெட்ரோல் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மேலே எல்லாம் வெறும் காற்று. பகல் சூட்டிலும் ராக் குளிரிலும் அந்தக் காற்றிலிருக்கிற ஈரம் தகரத்தில் வேர்த்து உள்ளே சொட்டும். அப்படித்தான் தண்ணீர், தண்ணீரால்தான் துரு. வாரம் ஐந்து நிமிடம் ஓட்டியதில் அந்தத் துரு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போயிருக்கிறது. அடியில் அப்படியே கிடந்திருந்தால் கழுவி எடுத்திருக்கலாம்.

"அப்போ நான் கிளப்பாம விட்டிருந்தா?"

"டேங்க்க நெரப்பி, கிளப்பாம விட்டிருந்தா இவ்வளவு கெட்டிருக்காதுப்பா."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் காகிதத்தைப் பார்ப்பதுபோல இல்லை. நன்றாகப் புரிந்துதான் பார்த்தார்.

"நெரப்பி வச்சு, அதக் கொளுத்திட்டா வீடும் சேந்து எரியும்னு பயந்தேன்," என்றார். "மொத தடவ பக்கத்து ஊர்ல லாரிய அப்படித்தான் கொளுத்தினாங்க. வீட்டுக்குள்ள நீங்க எல்லாம் தூங்கிட்டிருந்தீங்க."

எழுந்து போய்விட்டார். மடியில் கட்டிய கற்பூரத்தை அவர் எங்கும் ஏற்றவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் கொட்டகைப் பக்கம் வரவேயில்லை. வயல் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தவர்களோடு சேர்ந்து கரும்பு வெட்டினார். சித்தப்பா சொன்னதை மறைக்கத் தெரிந்த எனக்கு, இதை மறைக்கத் தோன்றவில்லை. அதை மறைத்தது பாவம் பார்த்து. இதைச் சொன்னது பெருமைக்காக. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

தலையைத் திறக்காதே என்று புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. நான் திறந்தேன். உள்ளே தண்டு துருவோடு ஒட்டிப்போயிருந்தது. டீசலில் மூன்று நாள் ஊற வைத்தேன். நான்காம் நாள் துணி சுற்றி இடுக்கியால் பிடித்து இழுத்தபோது வந்துவிட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நகத்தை ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் நின்றது. இடுக்கியின் கீறல். தலைமுடிகூட நுழையாத இடத்தில் ஓடுகிற தண்டு அது. அந்த ஒரு கீறல் போதும்.

மாட்டிப் பார்த்தேன். நான்கு இன்ஜெக்டரும் இப்போது ஒன்றுபோல நடந்துகொண்டன; தகட்டைத் தூக்காதபோதும் ஒழுகின. பிளக்குகள் நனைந்து கறுத்தன. புதுத் தலை வேண்டுமென்று ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் எழுதினேன். ஒரு இடத்திலிருந்து அந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை என்று பதில் வந்தது. இன்னொரு இடத்திலிருந்து பதிலே இல்லை.

பிறகு நான் நாண்டிக்குப் பஸ் ஏறினேன். கார்புரேட்டரே போட்டுவிடுங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்க. வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்துத் துணிக்கடைக்காரர், மெக்கானிக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய் மூன்று வாரமாகிறது, உள்ளே இருந்ததையெல்லாம் இரும்புக்காரன் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றார். என்னைப் பார்த்து, "காலேஜ்ல மோட்டார் படிக்கிற பொண்ணு நீதானா? உன்னப் பத்திச் சொல்லுவான்," என்றார். என்ன சொல்வார் என்று கேட்கவில்லை.

காலி செய்கிற நாள் வந்தது. நிலத்துக்குச் சொந்தமான கிராமத்துக்காரர் ஒருவர், அப்பாவோடு சேர்ந்து பல வருடம் உழுதவர், காலையிலேயே தன் டிராக்டரோடு வந்து நின்றார். அப்பாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வண்டி என் வீட்டில் இருக்கட்டும் அண்ணா, பலா மரத்தடியில் இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள் என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சரியென்று தலையாட்டினார்.

இழுத்துப் போகிற வண்டியில் யாராவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். நான் கதவைத் திறந்தபோது அப்பா என்னை விலக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அம்மா எங்கிருந்தோ இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தாள். கயிறு விறைத்தது. பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. வெட்டிய கரும்புத் தட்டைகளுக்கு நடுவே, கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, அரை மைல் தூரம் அப்பா அந்த வண்டியை ஓட்டிப் போனார். இன்ஜின் சத்தமில்லாமல். கையை நேராக நீட்டி, முன்னால் போகும் டிராக்டரையே பார்த்தபடி. நான் பின்னால் நடந்தேன்.

பலா மரத்தடியில் நிறுத்தியதும் அப்பா சாவியை டிராக்டர்க்காரரிடம் கொடுத்தார். "வாரம் ஒரு தரம்..." என்று இந்தியில் தொடங்கி நிறுத்திக்கொண்டார். போய், பின்னால் வந்து நின்ற லாரியில் ஏறிவிட்டார்.

நான் லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த இரண்டு பெரிய கேன் பெட்ரோலையும் டேங்க்கில் ஊற்றினேன். கழுத்துவரை. ஓடாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று அந்த மனிதர் கேட்டார். துருப்பிடிக்காது, ஆனால் யாரும் கிளப்ப முயற்சி செய்ய வேண்டாம் என்றேன். புத்தகத்தில் உள்ளபடி ஒரு வண்டியை நிறுத்தி வைக்கும் முறை அது. அந்த வண்டிக்கு நான் சரியாகச் செய்த கடைசி வேலையும் அதுதான்.

வுனிமோனோவில் அப்பாவுக்கு நிலம் இல்லை. அத்தையின் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். கல்லூரி திறந்து நான் படிப்பை முடித்தேன். எங்கள் வகுப்பில் படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இந்த நாட்டில் இல்லை. சுவாவில் நான் வேலை பார்க்கிற பட்டறையின் முதலாளியும் வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்வேன். போன வாரம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, சபேட்டோவில் அந்த ஆள் வண்டியைக் கிளப்பாமல்தானே வைத்திருக்கிறார் என்று. கிளப்பவில்லை அப்பா, அப்படியேதான் இருக்கிறது என்றேன். நல்லது என்றார்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பத்தை அதற்கு முந்தின புதன்கிழமையே கொடுத்துவிட்டேன். தொழில் என்ற இடத்தில் மோட்டார் மெக்கானிக் என்று எழுதியிருக்கிறேன்.